கரிசல் தடத்தில் வண்டிப் பட்டைகள்

வண்டியின் உடலுக்கும் இருசுக்கும் நடுவே, அழுந்தி நிமிரும் எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பூட்டும் முறை விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் நிலத்துக்கு முதலில் வில்வண்டியோடு வந்தது. அதை ஊருக்கு ஊர் பரப்பியது லாரி. மேடும் சகதியும் அடியில் தட்டாமலிருக்க ஜீப்பையும் சிறு சரக்கு வண்டியையும் உயர்த்திக்கொள்ளும் பழக்கம் அதன் பிறகு வந்தது. வாங்கிய வண்டியின் பட்டை அமைப்பை அப்படியே ஓட்டாமல் பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொள்வது, மோட்டார் வண்டி வந்த நாளிலிருந்தே இருக்கும் வழக்கம். மாற்றியபின் மற்ற உறுப்புகள் என்ன பாடு படுகின்றன, கழற்றிய பட்டை எங்கே போகிறது என்ற இரண்டும் இந்த வரலாற்றில் சேர்ந்தவைதான்.

இந்தக் கரிசலில் உள்ள வெம்பக்கோட்டை சிவகாசிக்குத் தெற்கே, சாத்தூருக்கு மேற்கே, வைப்பாற்றங்கரையில் இருக்கிறது. அருகிலுள்ள விஜயகரிசல்குளத்தின் மேட்டுக்காட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 முதல் நடத்திய அகழாய்வுகளில் சங்கு வளையல்களும் மணிகளும் சுடுமண் உருவங்களும் ஏராளமாகக் கிடைத்தன. கடலில் எடுத்த சங்கு இவ்வளவு உள்ளே வந்து வளையலாகியிருக்கிறது என்றால், இந்த நிலத்தின் குறுக்கே சுமை போய்வந்த பழக்கம் மிகப் பழையது.

நிலம் மட்டும் சுமைக்கு இணங்கியதில்லை. கரிசல் மண் ஈரம்பட்டால் உப்பும்; காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசி, கார்த்திகையில் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுக்குச் சுற்று கனம் ஏறும். கோடையில் அதே தடம், மழையில் பதிந்த பள்ளங்களோடு கல்லாக இறுகிக் கிடக்கும். வண்டி செய்கிறவர் ஒரே நிலத்தில் இரண்டு எதிரெதிர்த் தரைகளுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது.

பொதிமாடுகளே நெடுங்காலம் இந்த விடையாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் சாலைகள் பெருகப் பெருக வண்டிகள் கூடின. ராமநாதபுரம் பகுதியின் நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டு வளர்ந்ததை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் ஆய்வில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வழிப்பறிக்கு அஞ்சிய காலத்தில் வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இரவில் தங்க அவர்கள் பேட்டைகளைக் கட்டினார்கள். அதற்கான செலவுக்கு மகமை என்ற பொதுப்பங்கை வசூலித்தார்கள். பேட்டை என்பது அன்றைய லாரி நிறுத்தம் என்று சொன்னால் தவறில்லை. மாட்டுக்குத் தண்ணீர், வண்டிக்குக் காவல், உடைந்த ஆரக்காலுக்குத் தச்சர் என்று எல்லாமே அதைச் சுற்றித்தான்.

அந்தப் பார வண்டியில் வில் கிடையாது. வண்டியின் சட்டம் இருசின்மேல் நேராக உட்கார்ந்திருக்கும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள இருந்தவை மூன்று: மரத்தின் சொந்த நெகிழ்வு, குடத்துக்கும் இருசுக்கும் இடையே வேண்டுமென்றே விடப்பட்ட தளர்ச்சி, சக்கரத்தின் உயரம். மூன்றாவதுதான் கரிசலுக்கு முக்கியம். ஆள் நெஞ்சுக்கு வரும் சக்கரத்தில் இருசு தரையிலிருந்து இரண்டடிக்கு மேலே நிற்கும். சேறு சக்கரத்தைப் பிடித்தாலும் இருசைப் பிடிக்காது. பின்னாளில் வந்த ஜீப்போ சிறு சரக்கு வண்டியோ, எவ்வளவு உயர்த்தினாலும், இந்த அளவை எட்டவில்லை. சக்கரத்தின் விளிம்பில் இரும்புப் பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றிச் சுருங்கவைத்து இறுக்கும் வேலையில் தச்சரும் கொல்லரும் சேர்ந்து நிற்பார்கள். இரும்பைச் சூடாக்கிக் குளிர்விக்கும் அந்தக் கைப்பழக்கம் பின்னாளில் லாரிப் பட்டறைக்கும் ஒத்தாசையாக இருந்தது.

வில்வண்டி ஆள் ஏறுவதற்கு; சுமைக்கு அல்ல. இரண்டு வளைந்த பட்டை அடுக்குகளை முகத்தோடு முகம் வைத்து நீள்வட்டமாகப் பூட்டும் வில்லுக்கு 1804இல் இங்கிலாந்தில் ஒபடையா எலியட் காப்புரிமை பெற்றார். அதுவரை கனமான அடிச்சட்டத்தின்மேல் தோல்வாரில் தொங்கிய கோச்சு வண்டியின் எடை அதனால் குறைந்தது. அந்த ஏற்பாடு குதிரைவண்டிகளோடு இந்தியாவுக்கு வந்து, மாட்டுவண்டியின் இருசிலும் ஏறியது. நிலக்கிழாரும் வியாபாரியும் கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் போன கூண்டு வண்டிகளில் வில் இருப்பது வசதியின் அடையாளம். சுமை ஏற்றும் சம்சாரியின் வண்டி கட்டை வண்டியாகவே இருந்தது. பின்னர் காற்றடைத்த டயர் பூட்டிய வண்டி வந்தபோது அது வில்லை எடுத்துக்கொள்ளாமலே அதிர்ச்சியைக் குறைத்தது. ஆனால் சிறிய சக்கரத்தால் இருசு தாழ்ந்தது. சொகுசும் உயரமும் ஒரே மாற்றத்தில் கிடைப்பதில்லை என்ற சிக்கல் அப்போதே தொடங்கிவிட்டது.

மோட்டார் வண்டி இந்தப் பக்கத்துக்கு வந்த கதையில் மதுரை முந்தி நிற்கிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் மதுரையிலிருந்து பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் ஆலை அமைத்து, பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி லாரிகளையும் கார்களையும் விற்றது. அந்த லாரிகளின் பட்டைகள் கரிசல் தடத்தை எண்ணிச் செய்தவை அல்ல. ஆகவே பட்டை முறிவது அன்றாடம். இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் பஞ்சத்தில் பேருந்தின் பின்புறம் கரிவாயு அடுப்பைக் கட்டி ஓட்டியபோது பின்பட்டைக்கு இன்னொரு பாரமும் சேர்ந்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் ஜீப்புகளும் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை நாட்டின் பல ஊர்களில் பொதுமக்கள் முதலில் ஓட்டியது அந்த ஏலத்தின் புண்ணியத்தில்தான்.

1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பூட்டி, பிறகு லேலண்டோடு கைகோத்து லாரிக்கு மாறியது. 1954இல் டாட்டாவின் டெல்கோ, டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் லாரி செய்யத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தென் தமிழ்நாட்டின் சாலைகளில் ‘லேலண்டு’, ‘டாட்டா’ என்ற இரண்டு பெயர்களே பெரிதும் ஓடின. இரண்டிலும் முன்னும் பின்னும் பட்டைகள்தான். பின்புறம் முதன்மை அடுக்கின்மேல் உதவி அடுக்கு ஒன்றும் இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தபின்தான் அது வேலைக்கு வரும்.

வெம்பக்கோட்டை வட்டாரத்தின் சுமைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. பி. ஐய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து 1923இல் சிவகாசியில் தொடங்கினார்கள். 1927இல் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை சிவகாசி வழியாகத் திறந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. தீப்பெட்டியும் பட்டாசும் அட்டையும் காகிதமுமாக இடத்தை அடைத்துக்கொள்ளும் சரக்கு. எடை ஏறுவதற்கு முன்பே லாரியின் கொள்ளளவு தீர்ந்துபோகும். மறுபக்கம், ஆலங்குளத்தில் 1970இல் அரசு சிமெண்டு ஆலை ஓடத் தொடங்கியது. விருதுநகருக்கு அருகே ராமசாமிராஜா நகரில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் நேர் எதிர்: லாரியின் பாதி உயரம் நிரம்பும் முன்பே பட்டை நிமிர்ந்து நேராகிவிடும். கல் சுமக்க இறுக்கிய லாரியில் பட்டாசு ஏற்றினால் பெட்டிகள் குதிக்கும். பட்டாசுக்கு இளகவிட்ட லாரியில் கல் ஏற்றினால் பட்டை முறியும். சீசனுக்கு ஒரு சரக்கு ஏற்றும் லாரிக்காரருக்கு இரண்டும் வேண்டும். பட்டறையின் பிழைப்பு இங்கேதான் பிறந்தது.

பட்டை அடுக்கின் கணக்கு எளிது, ஏமாற்றுவதும் எளிது. அடுக்கில் பத்துப் பட்டைகள் இருந்து, அதே தடிமனில் இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் ஒரு பட்டையின் தடிமனை இரட்டித்தால் அந்தப் பட்டையின் விறைப்பு எட்டு மடங்காகும். நீளத்தைப் பாதியாக்கினாலும் அப்படியே. ஆகவே எண்ணிக்கை கூட்டுவதில் வரும் தவறு சிறியது. கையில் கிடைத்த தடித்த பட்டையைச் செருகுவதில் வரும் தவறு பெரியது. தடித்த பட்டை பக்கத்துப் பட்டைகளைப்போல வளையாது; சுமையின் பெரும்பங்கைத் தானே வாங்கி முதலில் முறியும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் வரும் தடையும் கணக்கில் உண்டு. துள்ளலை அடக்குவதில் அந்த உரசலுக்குப் பங்கிருக்கிறது. துருவேறினால் அதுவே பட்டையை இறுக்கிப் பிடித்துச் சவாரியைக் கட்டை வண்டியாக்கிவிடும்.

இந்த எஃகு சிலிக்கானும் மாங்கனீசும், சில வகைகளில் குரோமியமும் கலந்தது. 850 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கி, பிறகு 450 முதல் 500 டிகிரி வரை சூடேற்றிப் பதம் இறக்குவார்கள். முதல் படி இல்லாவிட்டால் பட்டை வளைந்தபடி நின்றுவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் கண்ணாடியாக நொறுங்கும். ஆலையில் இதற்கு வெப்பமானி உண்டு. பட்டறையில் கண்தான் வெப்பமானி; செக்கச்சிவந்த நிறத்தையும் நீலம் ஓடும் நிறத்தையும் பார்த்துச் சூட்டைக் கணிப்பார்கள். தொய்ந்த பட்டையைப் பச்சையாகவே சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. சூடு காட்டாமல் ஏற்றிய வளைவு நாளடைவில் இறங்கிவிடும். அரைகுறைச் சூட்டில் ஏற்றியது பதம் கெட்டு அதைவிட விரைவில் இறங்கும். லாரிக்காரர்கள் இதை அறிந்தே செய்தார்கள். புதிய பட்டைக்குப் பணம் சேரும்வரை ஒரு சீசன் தாங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

வண்டியை உயர்த்துவது வேறு வேலை. லாரியில் பட்டை கூட்டுவது சுமைக்காக. உயரம் அதன் உபரி. ஜீப்பில் உயரமே நோக்கம். 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்தியான வில்லீஸ் ஜீப்பின் வழித்தோன்றல்களை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. நாற்புறமும் பட்டைகள், 80 அங்குலத்தை ஒட்டிய சக்கர இடைவெளி, 16 அங்குல விளிம்பில் ஒல்லியான டயர் என்ற அந்தச் சிறிய வண்டி வனத்துறையிலும் காவல்துறையிலும் மலைத் தோட்டங்களிலும் பல பத்தாண்டுகள் உழைத்தது. தேனிப் பக்கத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்புகள், வண்டி எத்தனை பேருக்கு என்று ஆலை எண்ணியதோ அதை மதித்ததே இல்லை. பட்டை கூட்டாமல் அந்த ஓட்டம் நடந்திருக்காது. பின்னால் வந்த எம்.எம். 540இல் சக்கர இடைவெளி 91 அங்குலமானது. பட்டை அமைப்பு மாறவில்லை.

உயர்த்தும் வழிகள் நான்கைந்து. அடுக்கில் வளைவு கூடிய பட்டை ஒன்றைச் சேர்க்கலாம். முழு அடுக்கையும் கூடுதல் வளைவோடு புதிதாகச் செய்யலாம். பட்டை இருசுக்கு மேலே உட்காரும் வண்டியில், பின்புறப் பட்டைக்கும் இருசுக்கும் நடுவே கட்டை இரும்பு ஒன்றைச் செருகலாம். பட்டையின் கண்ணையும் சேசிசையும் இணைக்கும் ஷேக்கிளை நீட்டலாம். இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும், ஏனென்றால் இருசு பட்டையின் நடுவில் இருக்கிறது. பழைய ஜீப்பில் பட்டை இருசுக்கு அடியில் கட்டப்பட்டிருப்பதால், அதை மேலே மாற்றிக் கட்டி ஒரே வீச்சில் நாலைந்து அங்குலம் எடுப்பதும் உண்டு. இவற்றில் மிக மலிவானவை கட்டையும் ஷேக்கிளும். ஆகவே மிகுதியாகச் செய்யப்பட்டவையும் அவையே. முன்னிருசில் கட்டை செருகக் கூடாது என்பதில் விஷயம் தெரிந்த மெக்கானிக் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. பிரேக் பிடிக்கும்போது முன்பட்டை வாங்கும் முறுக்கில் கட்டை நழுவினால் ஸ்டியரிங்கே கையில் இல்லாமல் போகும்.

இந்த வேலையில் ஒரு மயக்கம் உண்டு. எவ்வளவு உயர்த்தினாலும் ஏறுவது சேசிசும் உடலும்தான். இருசின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். வில்லீஸ் ஜீப்பில் அது தரையிலிருந்து ஒன்பது அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. கரிசல் தடத்தின் நடுமேட்டில் உரசுவது அந்தக் குண்டுதான். அதை ஏற்றப் பெரிய டயர் ஒன்றே வழி. பெரிய டயருக்கு இடம் வேண்டுமென்றே உடலை உயர்த்த வேண்டியிருக்கிறது. உயர்த்துவது முதல் படி. டயர் மாற்றாமல் அந்தப் படியோடு நின்றுவிட்டவர்களுக்குக் கிடைத்தது பார்வைக்கு உயரமும் வளைவில் சாயும் உடலும் மட்டுமே. இரண்டடி உயரத்தில் இருசு வைத்த கட்டைவண்டித் தச்சர் இந்தக் கணக்கை நேராகச் சக்கரத்திலிருந்தே தொடங்கியிருந்தார்.

உயர்த்திய பிறகுதான் மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். முதலில், பட்டை அடுக்கை இருசோடு பிணைக்கும் யூ போல்ட். பட்டை அடுக்கின் தடிமன் கூடியதால் பழைய போல்டின் நீளம் போதாது. போதினாலும், ஒருமுறை இறுக்கி நீண்ட மரையை மறுபடி நம்புவது தவறு. புதிதாகப் போட்ட போல்டும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து தளரும். அப்போது மறுபடி இறுக்க வேண்டும். இறுக்காவிட்டால் சுமை முழுதும் நடுவிலுள்ள சென்டர் போல்டின்மேல் விழுந்து அது வெட்டுப்படும். இருசு பின்னுக்கு நகரும். வண்டி நண்டுபோல ஒருக்களித்து ஓடும். பட்டை முறிந்தது என்று வந்து நிற்கும் வண்டிகளில் பல, உண்மையில் யூ போல்ட் தளர்ந்த வண்டிகளே. நடுத் துளையை ஒட்டித்தான் பட்டையில் விரிசல் தொடங்கும். இறுக்கமாகப் பிடித்திருந்தால் அந்த இடம் வளையாது. தளர்ந்தால் வளையும், வளைந்தால் துளையோரம் கிழியும்.

அடுத்தது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். கியர் பெட்டி மேலே போக, இருசு கீழே நிற்க, ஷாஃப்ட் செங்குத்தாகச் சாயும். 80 அங்குல ஜீப்பில் பின் ஷாஃப்ட் மிகக் குட்டை என்பதால் சிறிது உயர்த்தினாலும் கோணம் வெகுவாக மாறும். யுனிவர்சல் ஜாயின்ட் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. கோணத்தில் இருக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்திப் பிந்தும். இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் தவறை மற்றொன்று அழிக்கும். சமம் கெட்டால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுதும் உதறும். ஜாயின்ட்டின் நடுவிலுள்ள கிராஸ் சீக்கிரம் தேயும். இதற்குப் பட்டைக்கும் இருசுக்கும் நடுவே சாய்ந்த ஆப்புத் தகடு செருகி இருசின் மூக்கைச் சற்று நிமிர்த்துவார்கள். ஷாஃப்டின் நழுவும் மூட்டும் வெளியே இழுபட்டிருக்கும். பல்லில் போதிய பிடிப்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும் கணத்தில் அது கழன்று விழும்.

முன்புறத்தில் விவகாரம் இன்னும் நுட்பமானது. வில்லீஸ் வழி ஜீப்புகளில் முன்பட்டையின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் இருசின் தலை முன்னோக்கிச் சாயும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அதனால் குறையும். நேர்ச்சாலையில் வண்டி அலையத் தொடங்குவதும், சில வேகங்களில் முன்சக்கரங்கள் கடகடவென்று ஆடுவதும் இதன் விளைவு. பழியோ பெரும்பாலும் ஸ்டியரிங் பெட்டியின்மேல் விழும். பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இழுகம்பி படுக்கையாக இருந்தது சாய்ந்துவிட்டதால், பட்டை அழுந்தும்போதெல்லாம் ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் சிறிது திரும்பும். பட்டையை இருசுக்கு மேலே மாற்றிக் கட்டியவர்களுக்கு இத்தோடு இன்னொன்றும் உண்டு: வேகமெடுக்கும்போது முறுக்கு தாங்காமல் பட்டை எஸ் வடிவில் நெளியும். அதைத் தடுக்கத் தனிக்கம்பி பூட்ட வேண்டும்.

ரப்பர் பிரேக் ஹோஸ் இதில் மிகச் சிறிய சாமான். மிக ஆபத்தானதும் அதுவே. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஹோஸ் விறைத்து இழுபட்டால் ஒருநாள் அறும். ஷாக் அப்சார்பரும் அப்படியே: பழைய நீளத்திலேயே விட்டால் பட்டை விரியும் முன்பே அது முழுதாக நீண்டு, பட்டையைத் தானே தாங்கி, கண் பிய்ந்துபோகும். பட்டை முழுக்க அழுந்தாமல் தடுக்கும் ரப்பர்க் கட்டையையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். புஷ்ஷும் ஷேக்கிள் பின்னும் புதிதாகப் போடுவது வழக்கம். கூடுதல் விறைப்பு முதலில் தேய்ப்பது அவற்றைத்தான். இவ்வளவும் செய்த வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் பட்டறைக்கு வருகிறவர் கேட்பது இரண்டு அங்குலம். மற்றவை பட்டியலாக நீளும்போது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்துப் போவதே மனித இயல்பு.

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இந்த உயரம் விளையாட்டுக்கானதல்ல. வெடிபொருள் விதிகள் பட்டாசு ஆலைக்கும் குடியிருப்புக்கும் சாலைக்கும் நடுவே பாதுகாப்பு இடைவெளியைக் கட்டாயமாக்குகின்றன. ஆலைக்குள்ளும் அறைக்கு அறை இடைவெளி வேண்டும். அதனால் ஆலைகள் ஊரை விட்டு விலகி மானாவாரிக் காட்டுக்குள் சிதறி நிற்கின்றன. தார்ச்சாலையில் ஓடும் வண்டி கடைசித் தூரத்தை மண்தடத்தில் கடக்க வேண்டும். 2005இல் வந்த டாட்டா ஏஸ், ஊர் வைத்த பெயரில் குட்டியானை, இந்தக் கடைசித் தூரத்தைப் பெரிதும் தனதாக்கிக்கொண்டது. அதற்கு மேற்பட்ட சுமைக்குப் பட்டை வைத்த பிக்கப் வண்டிகள். குட்டியானையின் சிறிய சக்கரம் சகதிக்கு ஆகாது என்பதைப் பார்த்தாலே தெரியும். அதையும் பட்டை கூட்டித் தூக்கிக்கொள்கிறார்கள். தீபாவளிச் சரக்கு பெரும்பகுதி மழைக்கு முன்பே வெளியேறிவிடுவதால் தொழில் பிழைத்துக்கொள்கிறது. பண்டிகை தை மாதத்தில் வந்திருந்தால் இந்தத் தடங்களில் சுமைவண்டிகள் வேறு வடிவம் எடுத்திருக்கக்கூடும்.

கழற்றிய பட்டைக்குச் சந்தை எப்போதும் உண்டு. நல்ல நிலையில் இருப்பது பழைய சாமான் கடை வழியாக இன்னொரு வண்டிக்குப் போகும். இடமும் வலமும் ஒரே வளைவுள்ள ஜோடியாகக் கிடைத்தால் விலை தனி. ஜோடி சேராத பட்டைகளைப் பூட்டிய வண்டி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். முறிந்ததும் தொய்ந்ததும் கொல்லரிடம் போகின்றன. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டையே மூலப்பொருளாக இருந்துவருவது பரவலாகத் தெரிந்த சங்கதி. கார்பன் மிகுந்த இந்த எஃகு விளிம்பைத் தக்கவைக்கும். தடித்த பகுதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வண்டிக்காகக் கொடுத்த குணம் வெட்டுவதற்கும் பொருந்திப்போனது. தடிமன் ஏற்கெனவே சரியாக இருப்பதால் தட்டி மெலிதாக்கும் உழைப்பு குறைகிறது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் இருக்கலாம் என்பதால் துளையை ஒட்டிய பகுதியை வெட்டி எறிவது நல்ல கொல்லரின் வழக்கம். சீமைக்கருவேல் வெட்டும் அரிவாள், தேங்காய் அரிவாள், உளி என்று கரிசல் வீடுகளில் புழங்கும் இரும்பில் கணிசமான பங்கு ஒரு காலத்தில் லாரிக்கு அடியில் ஓடியதுதான். அந்த அரிவாள் நுழையக்கூடாத இடம் ஒன்று மட்டும் அருகிலேயே இருக்கிறது. பட்டாசு ஆலையின் மருந்தறைக்குள் பொறி தெறிக்கும் இரும்புக் கருவிக்கு அனுமதியில்லை. மரம், பித்தளை போன்றவையே அங்கு கருவிகள்.

சட்டம் இந்தத் தொழிலை நெடுநாள் பாராமல் விட்டது. 1988இன் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நடைமுறையில் அது நிறத்தையும் இருக்கையையும் பார்த்ததே தவிர, அடியில் குனிந்து பட்டை எண்ணியதில்லை. கூடுதல் சுமைக்கு எதிராக 2005இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பு காட்டியபின், பட்டை கூட்டிய லாரிகளின் நியாயமே ஆட்டம் கண்டது. 2018 ஜூலையில் மத்திய அரசு, இரண்டு இருசு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. திருட்டுத்தனமாக ஏற்றியதில் ஒரு பகுதி அதனால் சட்டத்துக்குள் வந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து விலகிய கட்டமைப்பு மாற்றங்களைப் பதிவுசெய்ய இயலாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தந்தது. காட்டுத்தடத்துக்காகத் தூக்கிய வண்டியும் பொழுதுபோக்குக்காகத் தூக்கிய வண்டியும் சட்டத்தின் முன் ஒன்றே.

சட்டத்தைவிடப் பட்டறையை அதிகம் மாற்றியது ஆலையின் வடிவமைப்புதான். இப்போதைய லாரிகளில் பரவிவரும் பரவளையப் பட்டைகள் நடுவில் தடித்து முனையில் மெலிந்தவை. பத்துப் பட்டையின் வேலையை இரண்டு மூன்று பட்டைகள் செய்கின்றன. ஒன்றோடொன்று உரசாமலிருக்க அவற்றுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், நடுவில் இன்னொரு பட்டையைச் செருகும் பழைய வித்தை அங்கே செல்லாது. ஜீப்பின் வழியில் 2010இல் வந்த மகிந்திரா தாரின் ஒரு வகையில் முன்புறப் பட்டை போய் முறுக்குக் கம்பி வந்தது. 2020இல் வந்த தாரில் பின்பட்டையும் போய் நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங். அதை உயர்த்துவது சுருளின் தலையில் ஸ்பேசர் வளையம் வைப்பதோடு முடிந்துவிடுவதுபோலத் தோன்றும். ஷாஃப்டின் கோணமும் ஹோஸின் நீளமும் சக்கரங்களின் நேரமைப்பும் அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்கின்றன. நேரமைப்பைச் சரிசெய்யக் கணினிப் பொறி வேண்டியிருப்பதால் விடை மட்டும் ஊர்ப் பட்டறையை விட்டு நகரத்துக்கு நகர்ந்திருக்கிறது. சரக்கு வண்டிகளின் பின்னிருசில் பட்டை இன்னும் இருக்கிறது. சாத்தூர், சிவகாசி சாலைகளில் பட்டை அடிக்கும் சத்தம் அந்தப் பின்னிருசை நம்பித்தான்.